ஒரு படம், இரண்டு எடிட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எடிட்டிங் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச்சுற்றி வந்திருக்கின்றன. ஒரு பெரிய ப்ராஜெக்டை இரண்டு பேர் பங்கு போட்டு எடிட் செய்வது எப்படி? அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே. முதல் கடிதம் நீளமானது, என் பதில் அதைவிட நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து ஒன்றரை மணி நேர ஆவணப்படம் ஒன்றை எடிட் செய்கிறோம். ஃபுட்டேஜ் 45 மணி நேரம், எல்லாம் 4கே, மொத்தம் 2 டிபி. என்னிடம் மேக், அவரிடம் விண்டோஸ். இருவரும் எடிட் செய்வது ப்ரீமியர் ப்ரோ மென்பொருளில். வேறு வேறு ஊர். ப்ராஜெக்ட் ஃபைலை ஒரு கிளவுட் ஃபோல்டரில் போட்டு இருவரும் அதையே திறந்து வேலை செய்தோம். போன வாரம் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள், ஒன்றில் அவருடைய வேலை இல்லை, இன்னொன்றில் என்னுடையது இல்லை. பாதி கிளிப்கள் சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்கின்றன. இரண்டு நாள் வேலை போச்சு. ஃபுட்டேஜ் முழுவதையும் கிளவுடில் ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் ஒரு ஆறுதல். உங்கள் இரண்டு நாள் வேலை போகவில்லை. உங்களுடையது ஒரு ஃபைலில் இருக்கிறது, அவருடையது இன்னொன்றில் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து கிளவுட் ஃபோல்டரிலிருந்து வெளியே எடுங்கள். உங்கள் ஃபைலைத் திறந்து, ப்ரீமியரின் மீடியா பிரவுசர் வழியாக அவருடைய ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் போய், அவர் வேலை செய்த சீக்வென்ஸ்களை (டைம்லைனில் வெட்டிக் கோத்த தொகுப்புகளை) மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். முழு ப்ராஜெக்டையும் இம்போர்ட் செய்யாதீர்கள். செய்தால் ஒவ்வொரு கிளிப்பும் பின்னில் (ப்ராஜெக்டுக்குள் கிளிப்களை அடுக்கி வைக்கும் ஃபோல்டரில்) இரண்டு இரண்டாக வந்து நிற்கும், அதைச் சுத்தம் செய்ய இன்னும் இரண்டு நாள். அப்படியும் ஏதாவது விடுபட்டால் ஆட்டோ சேவ் ஃபோல்டரைத் தேடுங்கள், அதில் பழைய நகல்கள் நேரத்தோடு இருக்கும்.

இப்போது கேள்விக்கு வருவோம். ஃபுட்டேஜை ஏற்றினால் சரியாகாது. அப்லோடு வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் 2 டிபி ஏற 9 நாளுக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் எங்கேயும் அறுந்துபோகாமல் இருந்தால். ஏற்றி முடித்த மறுநாளே இதே சிக்கல் மறுபடி வரும், ஏனென்றால் சிக்கல் ஃபுட்டேஜ் எங்கே இருக்கிறது என்பதில் இல்லை.

ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் ஒரு ஃப்ரேம் வீடியோ கூடக் கிடையாது. எந்தக் கிளிப் எந்த டிஸ்கில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் எங்கிருந்து எதுவரை எடுத்து டைம்லைனில் எங்கே வைத்தீர்கள், என்ன எஃபெக்ட் போட்டீர்கள் என்கிற விலாசப் பட்டியல்தான் அது. ப்ரீமியரில் அது சுருக்கி வைக்கப்பட்ட ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, அதனால்தான் 2 டிபி படத்துக்கும் சில பத்து எம்பியில் அடங்கிவிடுகிறது. கிளவுட் சேவைக்கு அது மூடிய பெட்டி. நீங்கள் மூன்றாவது காட்சியில் கை வைத்தீர்கள், அவர் எட்டாவதில் வைத்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேவ் செய்தால் இரண்டையும் கலக்கத் தெரியாமல், முரண்பட்ட நகல் என்று ஒன்றை ஓரமாக வைத்துவிடும். அது செய்ததும் நியாயம்தான், அழித்திருந்தால்தான் நாம் அழ வேண்டும்.

ஆகவே கனமான ஃபுட்டேஜை ஒரே ஒரு முறை நகர்த்திவிட்டு மறந்துவிடுங்கள். லேசான ப்ராஜெக்ட் ஃபைல் தினமும் போய் வரட்டும், ஆனால் ஒரு சீக்வென்ஸ் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்பதுதான்.

ஃபுட்டேஜை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து அனுப்பிவிடுங்கள். விநாடிக்கு 150 எம்பி எழுதும் சாதாரண டிஸ்க் என்றாலும் 2 டிபி நான்கு மணி நேரத்துக்குள் முடியும், அதைப் பார்சலில் அனுப்பினாலும் உங்கள் இணையத்தை முந்திவிடும். மேக்கும் விண்டோஸும் கலந்திருப்பதால் டிஸ்கை இரண்டிலும் ஓடும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுதாது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் என்றால் விண்டோஸ் தானாகத் திறக்கவே திறக்காது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை: எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளை உருவினால் சேதம் வர வாய்ப்பு அதிகம், பாதுகாப்புப் பதிவு என்று எதுவும் அதில் கிடையாது. எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். அப்புறம் இந்த இரண்டு டிஸ்கைத் தவிர மூன்றாவதாக ஒரு நகல் எங்காவது அலமாரியில் தூங்கட்டும். எடிட் செய்யும் டிஸ்கையே பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நகல் சரியாக வந்ததா என்று ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் பார்த்தால் மட்டும் போதாது, செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) வைத்து ஒப்பிடும் கருவியால் நகலெடுங்கள். டாவின்சி ரிசால்வின் மீடியா பக்கத்தில் குளோன் டூல் என்று ஒன்று இருக்கிறது, இலவசப் பதிப்பிலேயே வரும். எடிட் செய்வது ப்ரீமியரில் என்றாலும் இதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி 'மீடியா ஆஃப்லைன்' கதை. அவருடைய டிஸ்க் விண்டோஸில் ஒரு நாள் ஈ என்கிற எழுத்தில் ஏறும், இன்னொரு நாள் எஃப் ஆகிவிடும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு எழுத்தை, பின்வரிசையில் ஏதாவது ஒன்றை, நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். மேக்கில் டிஸ்கின் பெயர்தான் விலாசம், அதனால் பெயரை மாற்றாதீர்கள். இரண்டு டிஸ்கிலும் ஃபோல்டர் மரம் ஒரு எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். அப்படி இருந்தால், ப்ரீமியர் ஒரு கிளிப்பின் இடத்தைக் கேட்கும்போது காட்டினால் போதும், மற்றதை எல்லாம் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பெயர்களில் கேள்விக்குறி, மேற்கோள்குறி, நட்சத்திரக்குறி வேண்டாம், மேக்கில் செல்லுபடியாகும், விண்டோஸில் ஆகாது.

இதைவிட மோசமானது ஆஃப்லைன் ஆகாமல் தவறான கிளிப் வந்து உட்கார்வது. பல கேமராக்கள் ஒவ்வொரு புதுக் கார்டிலும் மறுபடி 0001 என்று எண்ணத் தொடங்கும். பத்து கார்டு என்றால் பத்து 0001. ரீலிங்க் செய்யும்போது, அதாவது கிளிப் இருக்கும் இடத்தை மறுபடி காட்டும்போது, பேட்டி வர வேண்டிய இடத்தில் ஆற்றங்கரை வரும், நீளம் ஒத்துப்போனால் நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். கார்டுக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டர் பெயரில் தேதியும் கேமரா எழுத்தும் கார்டு எண்ணும். கிளிப்களுக்கே பெயர் மாற்ற வேண்டும் என்றால் யாரும் இன்னும் இம்போர்ட் செய்யாத முதல் நாளிலேயே செய்யுங்கள். சில கேமராக்கள் கிளிப்போடு துணைக் கோப்புகளும் எழுதும், அந்த வகையில் கார்டின் ஃபோல்டர் அமைப்பை அப்படியே விட்டுவிடுவது நல்லது. உங்கள் படம் ஏற்கெனவே பாதி வெட்டப்பட்டிருப்பதால் இப்போது எதற்கும் பெயர் மாற்றாதீர்கள். ஃபோல்டரை மட்டும் ஒழுங்குபடுத்தி ஒரு முறை உட்கார்ந்து ரீலிங்க் செய்துகொள்ளுங்கள்.

ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் அசலுக்குப் பதிலாக வைக்கும் லேசான நகல், தேவையா? 45 மணி நேரம் 2 டிபி என்றால் மணிக்கு 45 ஜிபி, அதாவது விநாடிக்கு 100 மெகாபிட். இந்த அளவில் கேமரா எழுதுவது பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்கிற சுருக்க வடிவம். டிஸ்குக்கு இது சுமையே இல்லை, ஆனால் பெரும்பாலான ஃப்ரேம்களைப் பக்கத்து ஃப்ரேம்களைப் பார்த்துத்தான் விரிக்க முடியும் என்பதால் கணினிக்குச் சுமை. விநாடிக்கு 10 மெகாபிட்டில் ப்ராக்ஸி செய்தால் மொத்தமே 200 ஜிபி சுற்றி வரும். அதை லேப்டாப்பின் எஸ்எஸ்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், இனிமேல் ஷூட் செய்வதை ப்ராக்ஸியாக இணையத்தில் அனுப்பி உடனே வேலையைத் தொடரலாம், அசல் மெதுவாக டிஸ்கில் வரட்டும். ஆனால் ப்ராக்ஸியை ஒருவர்தான் செய்ய வேண்டும், அதையே இருவரும் பயன்படுத்த வேண்டும். ஃப்ரேம் ரேட், டைம்கோடு (ஒவ்வொரு ஃப்ரேமின் நேர முத்திரை), ஆடியோ சானல் எண்ணிக்கை மூன்றும் அசலோடு ஒத்திருக்க வேண்டும். நான்கு சானல் ஆடியோ உள்ள கிளிப்புக்கு இரண்டு சானல் ப்ராக்ஸி செய்துவிட்டு அது ஏன் ஒட்டவில்லை என்று ஒரு முழு மாலை மண்டையை உடைத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. ஃபுட்டேஜ் இரண்டு பக்கமும் இருக்கும், ப்ராஜெக்ட் ஃபைல் வந்துவிடும், ஆனாலும் சிவப்புத் திரை. பார்த்தால் ஒரு இசைத் துண்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், ஒரு லோகோ டெஸ்க்டாப்பில், குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பிலிருந்து வந்து எங்கேயோ. இதற்குத்தான் கிளவுட் ஃபோல்டர் உண்மையில் உதவும். இசை, கிராஃபிக்ஸ், புகைப்படம், ஸ்கேன், குரல் என்று சின்னச்சின்னதாக வருவதெல்லாம் அங்கே முதலில் போகட்டும், அங்கிருந்துதான் இம்போர்ட். ஒரு முறை போட்ட ஃபைலை மாற்றி எழுதக் கூடாது, திருத்திய லோகோவுக்குப் புதுப் பெயர். அந்தக் கிளவுட் ஃபோல்டர் இரண்டு கணினியிலும் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மட்டும் தெரியும், ஃபைல் இணையத்திலேயே இருக்கும் என்கிற வசதி எடிட்டிங்குக்கு எதிரி.

சரி, ப்ராஜெக்ட். ப்ரீமியரில் 2020 முதல் புரொடக்‌ஷன்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பெரிய ப்ராஜெக்டைப் பல சின்ன ப்ராஜெக்ட்களாக உடைத்து ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம், ஒருவர் ஒன்றைத் திறந்திருந்தால் மற்றவருக்குப் பூட்டு தெரியும், பார்க்க முடியும், மாற்ற முடியாது. அருமையான ஏற்பாடு, ஆனால் இருவரும் ஒரே சேமிப்பகத்தில் நேரடியாக இணைந்திருக்கும்போதுதான் அந்தப் பூட்டை நம்பலாம். கிளவுட் ஒத்திசைவு வழியாக நம்பாதீர்கள், பூட்டு வந்து சேருவதற்குள் நீங்கள் பத்து வெட்டு வெட்டியிருப்பீர்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு அடோபியே டீம் ப்ராஜெக்ட்ஸ் என்று வைத்திருக்கிறது. எடிட் விவரங்கள் அவர்கள் சர்வரில் இருக்கும், ஃபுட்டேஜ் அவரவர் டிஸ்கில். மாற்றியதை நீங்களாகப் பகிர்ந்தால்தான் மற்றவருக்குப் போகும், இருவரும் ஒரே சீக்வென்ஸை மாற்றியிருந்தால் எது வேண்டும் என்று கேட்கும்.

நீங்கள் இரண்டே பேர், படமும் ஆவணப்படம். இவ்வளவு கூடத் தேவையில்லை என்பது என் கருத்து. படத்தை ரீல்களாகப் பிரியுங்கள். ஃபிலிம் காலத்தில் இதற்கு யாரும் யோசிக்கக்கூட வேண்டியிருக்காது. 35 எம்எம் ஃபிலிம் ஆயிரம் அடி என்றால் விநாடிக்கு 24 ஃப்ரேமில் சுமார் 11 நிமிடம், படமே டப்பா டப்பாவாகத்தான் மேசைக்கு வரும், இருவர் இருந்தால் ஆளுக்கொரு டப்பா. ஒரு டப்பாவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தூக்க முடியாது என்பதுதான் அதன் அழகு. உங்கள் 90 நிமிடத்தை ஐந்து ரீலாக்குங்கள், ஒவ்வொன்றும் தனி ப்ராஜெக்ட் ஃபைல், ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு ஒரு உரிமையாளர். மற்றவர் பார்க்க நினைத்தால் நகலெடுத்துப் பார்க்கலாம். ரீல் கைமாறும்போது மூன்று வரி எழுதி அனுப்புங்கள்: எந்தச் சீக்வென்ஸ் புதியது, என்ன புது ஃபைல் சேர்ந்தது, எது அரைகுறையாக நிற்கிறது. பெயரில் ரீல் எண், தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து போதும். 'ஃபைனல்' என்கிற சொல்லை டைம்லைன் பெயரில் தடை செய்யுங்கள்.

பிரித்ததும் வேறொரு பிரச்சினை முளைக்கும், தொழில்நுட்பத்தில் தீர்வு இல்லாதது. 45 மணி நேரத்தில் நீங்கள் பாதி பார்த்திருப்பீர்கள், அவர் பாதி. உங்கள் ரீலுக்குத் தேவையான அந்த ஒரு பார்வை, அந்த ஒரு மௌனம், அவர் பார்த்த பாதியில் கிடக்கும். அவருக்கு அது தேவைப்படாததால் கடந்து போயிருப்பார். நான் ஒரு படத்தில் இப்படித்தான், எல்லாம் முடிந்து கலர் கரெக்‌ஷனுக்குப் போன பிறகு கூட்டாளியின் பின்னில் ஒரு ஷாட்டைப் பார்த்து வயிற்றெரிச்சல் பட்டேன். அதனால் வெட்டுவதற்கு முன் இருவரும் தேர்ந்தெடுத்த பகுதிகளை ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் நீளமான சீக்வென்ஸாகக் கோத்து வையுங்கள், மார்க்கரில் (டைம்லைனில் ஒட்டும் குறிப்பில்) நாலு வார்த்தை எழுதுங்கள். 'நல்ல ஷாட்' என்று எழுதினால் யாருக்கும் உதவாது, 'பாட்டி பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்கிறார்' என்று எழுதினால் மூன்று மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம். இருவரும் மற்றவர் கோத்து வைத்ததை முழுசாக ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். நேரம் போகும், போகட்டும்.

கடைசியாகச் சில சின்ன விஷயங்கள், சின்னவை என்பதால் தவறாமல் கழுத்தை அறுப்பவை. இரண்டு கணினியிலும் ப்ரீமியரின் பதிப்பு எண் புள்ளிக்குப் பின்னால் இருப்பது உட்பட ஒன்றாக இருக்கட்டும், தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுங்கள். புதிய பதிப்பில் சேவ் செய்ததைப் பழையது திறக்காது. ஃபான்ட், ப்ளக்-இன், லட் ஃபைல்கள் (நிறத்தை மாற்றும் அமைப்புக் கோப்புகள்) இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். சீக்வென்ஸ் அமைப்பை ஒரு முறை முடிவு செய்து காலியான ஒரு மாதிரி சீக்வென்ஸை நகலெடுத்தே எல்லா ரீலும் தொடங்கட்டும். ஒருவர் 25லும் மற்றவர் 23.976லும் வெட்டினால் சேர்க்கும் நாளில்தான் தெரியும். ஆடியோ ட்ராக்கிலும் ஒழுங்கு வேண்டும். பேச்சு முதல் நான்கில், சுற்றுப்புற ஒலி அடுத்த இரண்டில், இசை அதற்குக் கீழே என்று வைத்துக்கொண்டால் பின்னால் சவுண்ட் மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது மிக்ஸ் செய்பவர் உங்களைத் திட்ட மாட்டார். வாரம் ஒரு முறை ஐந்து ரீலையும் ஒரு தாய் ப்ராஜெக்டில் கோத்து முழுப் படமாகப் பாருங்கள். அந்தத் தாய் ப்ராஜெக்டும் கடைசி எக்ஸ்போர்ட்டும் ஒரே கணினியில், ஒருவர் பொறுப்பில்.

கேள்வி: நாங்கள் இருவரும் ஒரே அறையில்தான் இருக்கிறோம். நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்கி இரண்டு கணினியையும் இணைத்தோம். 4கே ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்கிற கனமான வீடியோ வடிவத்தில் வெட்டுகிறோம். நான் தனியாக இருந்தால் ஓடுகிறது, அவரும் ப்ளே அழுத்தினால் இருவருக்கும் திக்குகிறது. உள்ளே உள்ள டிஸ்க் சரியில்லையா?

பதில்: டிஸ்கைச் சந்தேகிக்கும் முன் கம்பியைப் பாருங்கள். சாதாரண கிகாபிட் ஈதர்நெட்டில் விநாடிக்கு 125 எம்பி என்பது கணக்கு, கைக்கு வருவது 110 பக்கம். நீங்கள் வெட்டுவது 4கே ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்று எழுதியிருக்கிறீர்கள். 25 ஃப்ரேமில் அது ஒரு ஸ்ட்ரீமுக்கு விநாடிக்கு சுமார் 92 எம்பி கேட்கும். பெட்டியிலிருந்து வெளியே வருவது ஒரே கம்பி என்றால் ஒருவர் ஓட்டும்போதே குழாய் நிறைந்துவிட்டது, அவரும் திறந்தால் என்ன மிஞ்சும்? இரண்டு கேமராவை ஒன்றாக ஓட்டும் மல்டிகேம் என்றால் நீங்கள் ஒருவரே திக்குவீர்கள்.

பெட்டியிலும் சுவிட்சிலும் இரண்டு கணினியிலும் 10 கிகாபிட் போடுவது ஒரு வழி, அதற்குப் பிறகு உள்ளே ஒரே ஒரு டிஸ்க் இருந்தால் அது போதாது என்று ஆரம்பிக்கும், பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்ட வேண்டியிருக்கும். செலவே இல்லாத வழி, 1080 ப்ரோரெஸ் ப்ராக்ஸி. 25 ஃப்ரேமில் விநாடிக்கு 5 எம்பிக்குள் முடிந்துவிடும், இருவரும் ஆளுக்கு நான்கு கேமரா ஓட்டலாம். எந்த வழி என்றாலும் மீடியா கேஷை (ப்ரீமியர் வேகத்துக்காக எழுதி வைக்கும் தற்காலிகக் கோப்புகளை) அவரவர் கணினியின் எஸ்எஸ்டியில் வையுங்கள், பெட்டியில் வைக்காதீர்கள். வைஃபையில் இணைந்திருந்தால் இந்தப் பதிலை மறந்துவிட்டு முதலில் கேபிள் வாங்குங்கள். உங்களுக்கு மேலே சொன்ன புரொடக்‌ஷன்ஸ் கச்சிதமாகப் பொருந்தும். ப்ரீமியரின் விருப்பங்களில் ப்ராஜெக்ட் லாக்கிங்கை இருவரும் இயக்கி, ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிடுங்கள், யார் பூட்டி வைத்துவிட்டுக் கடைக்குப் போனார் என்று தெரியும்.

கேள்வி: டாவின்சி ரிசால்வில் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ப்ராஜெக்ட் சேர்ந்து இப்போது பதினேழு ஆகிவிட்டது. எது புதியது என்றே தெரியவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, ஏனென்றால் ரிசால்வ் ப்ராஜெக்டைத் தனி ஃபைலாகவே நினைப்பதில்லை, டேட்டாபேஸில் வைக்கிறது. அந்த டேட்டாபேஸை இருவருக்கும் பொதுவாக்கினால் அனுப்புகிற வேலையே இல்லை. ஒரே இடத்தில் இருந்தால் ஒரு கணினியில் ப்ராஜெக்ட் சர்வர் நிறுவலாம். வேறு வேறு இடம் என்றால் 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து பிளாக்மேஜிக் கிளவுடில் ப்ராஜெக்ட் லைப்ரரியை வைக்க முடிகிறது. இருவரும் ஒரே ப்ராஜெக்டை ஒரே நேரத்தில் திறக்கலாம். ஒருவர் வேலை செய்யும் பின்னும் டைம்லைனும் மற்றவருக்குப் பூட்டப்பட்டிருக்கும். ஒருவர் வெட்ட, மற்றவர் கலர் பார்ப்பது ரிசால்வில் ரொம்பவே சுகம்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பின் அளவில் பூட்டு விழுவதால், எல்லா டைம்லைனையும் ஒரே பின்னில் போட்டு வைத்தவர்கள் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு நிற்பார்கள். ஆளுக்கொரு பின், ரீலுக்கொரு பின் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். பதிப்பை உயர்த்தும் முன் டேட்டாபேஸை பேக்கப் எடுங்கள், உயர்த்திய பிறகு கீழே இறங்க வழியில்லை. அந்தப் பதினேழையும் இன்றைக்கே அழித்துவிடாதீர்கள், ஒரு ஃபோல்டரில் தள்ளி வைத்துப் படம் முடிந்ததும் அழியுங்கள்.

இனிமேலும் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முழு ப்ராஜெக்டுக்குப் பதில் அன்றைய டைம்லைனை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள், அவருடைய ப்ராஜெக்டுக்குள் அது ஒரு புது டைம்லைனாக வந்து சேரும்.

கேள்வி: எனக்கு ஃபைனல் கட் ப்ரோ, அவருக்கு ப்ரீமியர். எக்ஸ்எம்எல் வழியாக மாறி மாறி வெட்ட முடியுமா?

பதில்: முடியும் என்று சொல்லி உங்களை மாட்டிவிட மனமில்லை. ஃபைனல் கட் எழுதும் எக்ஸ்எம்எல் வேறு, ப்ரீமியர் படிப்பது பழைய ஃபைனல் கட் 7 காலத்து எக்ஸ்எம்எல், நடுவில் மொழிபெயர்க்க ஒரு கருவி வேண்டும். வெட்டுகளும் கிளிப்களும் பெரும்பாலும் வந்து சேரும். டைட்டில், எஃபெக்ட், வேக மாற்றம், கலர் எல்லாம் வழியில் உதிரும். ஒரு முறை, ஒரு திசையில், வெட்டி முடித்த பிறகு கைமாற்றத்தான் இது. தினமும் போய் வந்தால் எது உதிர்ந்தது என்று தேடுவதே வேலையாகிவிடும். ஒருவர் மென்பொருளை மாற்றிக்கொள்ளுங்கள். யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தொழில்நுட்பம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் முடித்த காட்சியை என் கூட்டாளி கேட்காமலே மாற்றிவிடுகிறார். கேட்டால் 'ரிதம் சரியில்லை, சரிசெய்தேன்' என்கிறார். அவர் என்னைவிட வயதில் மூத்தவர், எப்படிச் சொல்வது?

பதில்: ஒரே உறையில் இரண்டு கத்தி. உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அவர் மாற்றியது நன்றாக இருந்ததா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லை, அதை முதலில் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

'அண்ணா, நீங்கள் மாற்றுவதற்கு முன்னால் சீக்வென்ஸை ஒரு நகல் எடுத்து அதில் மாற்றுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்' என்று கேட்டால் எந்த மூத்தவரும் மறுக்க மாட்டார், அதில் அவமானம் எதுவும் இல்லை, வழக்கமான பாதுகாப்பு நடவடிக்கை போலவே ஒலிக்கும். நகல் இருந்தால் சண்டை பாதியாகக் குறையும், ஏனென்றால் எதுவும் அழியவில்லை. மற்றவர் ரீலில் கருத்து இருந்தால் வெட்டாமல் மார்க்கர் போடுவது என்று ஒரு வழக்கத்தை இருவரும் பிடித்துக்கொள்ளுங்கள், நீங்களும் அவர் ரீலில் அப்படியே செய்யுங்கள். இரண்டு வெட்டும் இருக்கும்போது எது என்று முடிவு செய்வது இயக்குநர் வேலை, உங்கள் இருவருடையதும் இல்லை. யார் வெட்டியது எது என்று சொல்லாமல் இரண்டையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் ஒன்று, நானும் ஒரு காலத்தில் கேட்காமல் மாற்றும் ஆளாகத்தான் இருந்தேன். திமிரால் இல்லை, மற்றவர் ரீலைப் பார்க்கும்போது கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். முழு ரீலையும் எக்ஸ்போர்ட் செய்து வெறும் வீடியோவாக அனுப்பத் தொடங்கிய பிறகுதான் என் கை அடங்கியது. வெட்ட முடியாத ஒன்றைப் பார்க்கும்போது படமாகப் பார்க்கிறோம். உங்கள் கூட்டாளிக்கும் அப்படி அனுப்பிப் பாருங்கள், ப்ராஜெக்ட் ஃபைல் வேண்டும் என்று அவர் கேட்கும் வரை.

கேள்வி: பத்து நிமிட வீடியோ, நான்கு நாள் கெடு. இரண்டு எடிட்டர் போட்டால் இரண்டு நாளில் முடியுமா?

பதில்: வெட்டுவதை இரண்டாகப் பிரித்தால் ஐந்து நாள் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு கைதான். இரண்டாமவர் தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு பொருத்தி சிங்க் செய்யட்டும், சப்டைட்டில் அடிக்கட்டும், டைட்டில், இரைச்சல் நீக்கம், கலர் என்று டைம்லைனைத் தொடாத வேலை நிறைய இருக்கிறது. அவர் சிங்க் வேலையை முடிக்கும் வரை நீங்கள் பொறுத்திருங்கள். அவசரத்தில் கேமரா ஒலியோடு வெட்டத் தொடங்கிவிட்டால், நாளைக்கு டைம்லைனில் உள்ள ஒவ்வொரு கிளிப்பையும் கையால் மாற்றி வைக்க வேண்டியிருக்கும்.